கறுப்புக் காடிக்கு எந்த மெஷின் என்று கேட்ட மகனுக்கு

தம்பி, போன வாரம் நீ கைப்பேசியில் பதினோரு படங்கள் அனுப்பியிருந்தாய். பதினொன்றும் கார் பாலிஷ் மெஷின்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று திருவிழாக் கடையில் தொங்கும் பொம்மைகள் மாதிரி. கீழே ஒரு வரி: "மா, கறுப்புக் காடிக்கு எது நல்லது, எந்த பேட் வாங்கணும், சீக்கிரம் சொல்லுங்க லா, ஆர்டர் போடணும்." அந்த மெஷினைப் பிடித்துப் பிடித்து வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் காலையில் மரத்துக் கிடக்கிற ஒருத்தியிடம், தொழிலைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி இதுதான். சிம்பாங் பூலாயில் கடை பிடித்து, பெயர்ப்பலகைக்கு எழுத்து பொறுக்கி, மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி அதற்குச் சட்டமும் போட்ட பிறகுதான் அம்மா ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள். இதற்கான பதிலைக் கைப்பேசியில் தட்ட எனக்கு மனமில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி. படித்துவிட்டு அந்தச் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வருகிறவன் எல்லாம் படிக்கட்டும்.

முதலில் உன் படங்கள். அதில் ஐந்து வெறும் சுழல் மெஷின்கள். ஒரே அச்சில் கிறுகிறுவென்று சுற்றும். வேகமாகக் கீறலை எடுக்கும், அதே வேகத்தில் சூடேறும், அதே வேகத்தில் பெயிண்டையும் தின்னும். தெரிந்தவன் கையில் அது நல்ல ஆயுதம். உன் கையில் அது என்ன ஆகும் என்று போன மாதமே பார்த்தாயிற்று, அதைப் பிறகு சொல்கிறேன். மீதி ஆறு, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற இரட்டை ஓட்ட மெஷின்கள். அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், அதனால் எடுத்த எடுப்பில் எதையும் எரிக்காது. அதிலும் நீ வட்டம் போட்டுக் காட்டியிருப்பது இருபத்தொரு மில்லிமீட்டர் ஆட்டம் உள்ள பெரிய மெஷின். ஏன் என்று கேட்டால் வீடியோவில் ஒருத்தன் அதைத்தான் வைத்திருந்தான் என்பாய். அவன் தேய்த்தது மேசை மாதிரி அகன்று தட்டையாகக் கிடக்கிற பானட், காடியின் முன்மூடி. உன் கடைக்கு வரப்போவது சின்னச் சின்ன காடிகள், எல்லாம் வளைவும் மடிப்பும். அந்தப் பெரிய மெஷின் வளைவில் ஏறியதும் சுற்றாமல் சும்மா நின்று குலுங்கும். நீயும் அதோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டு, வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிற்பாய். பதினைந்து மில்லிமீட்டர் போதும். கூடவே உள்ளங்கை அளவு பேட் மாட்டுகிற சின்ன மெஷின் ஒன்று, கதவுத் தூணுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் பம்பருக்கும். சுழல் மெஷினைத் தொடாதே. தொடலாம் என்று நான் சொல்கிறவரை தொடாதே.

கறுப்பு என்றால் என்ன என்று உனக்கு அந்த மூன்று நாளில் யாராவது சொன்னார்களா தெரியவில்லை. வெள்ளைக் காடியை ஆட்டைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்தாலும் எவனுக்கும் தெரியாது. வெள்ளி நிறத்தில் பாதிப் பாவம் மறைந்துவிடும். கறுப்பு ஒன்றையும் மறைக்காது. கறுப்புக்கு மேலே கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கிறது, காகிதத்தைவிட மெல்லியது. கீறல் எல்லாம் அந்தப் படலத்தில்தான். நாம் செய்வது கீறலை அழிப்பது இல்லை, கீறலின் அடிமட்டம் வரைக்கும் படலத்தைக் குறைப்பது. குறைத்தது குறைந்ததுதான், திரும்ப வளராது. இதைத் தெரியாதவன்தான் கறுப்புக் காடி வாங்குகிறான். வாங்கிவிட்டுக் காலையில் கோழி இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டுகிறான். சிம்பாங் பூலாயில் கல்மலை லோரிகள் நாள் முழுக்க ஓடுகின்றன, சுண்ணாம்புத் தூள் காற்றில் மிதந்து காடிமேல் மாவு சலித்ததுபோல் படிந்திருக்கிறது. அதன்மேல் இவன் துடைப்பம் போட்டுத் தேய்க்கிறான். அப்புறம் வெயிலில் பார்த்து, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாய் என்னவோ தெரிகிறதே என்று அழுதுகொண்டு உன்னிடம் வருகிறான். உன் பிழைப்பே இந்த மடத்தனத்தில்தான் நடக்கப்போகிறது. சிரிக்காதே. அவனைவிடப் பெரிய மடத்தனம் எதிர்ப்பக்கத்தில் மெஷினோடு நிற்கும்.

மெஷின் முனையில் மாட்டித் தேய்க்கிற பேட் விஷயத்தில் நீ கேட்ட கேள்வி இன்னும் மோசம். "ஆரஞ்சா கறுப்பா?" என்கிறாய். நிறத்தைக் கேட்டு பேட் வாங்குகிறவனை நான் என்ன சொல்ல. ஒரு கம்பெனிக்கு ஆரஞ்சு முரடு, இன்னொன்றுக்கு அதே ஆரஞ்சு நடுத்தரம். விரலால் அழுத்திப் பார். கம்பளி பேட் வேகமாக வெட்டும், கறுப்பில் மேகம் மாதிரி மங்கலை விட்டுப்போகும். மைக்ரோபைபரும் ஏறக்குறைய அப்படித்தான். பஞ்சு பேட்தான் உனக்கு. அதில் மிருதுவானதை முதலில் போட்டு, கையகல இடத்தில் தேய்த்துப் பார். கீறல் போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி முரடுக்குப் போ. எல்லாரும் முரடில் தொடங்கி மிருதுவுக்கு வருகிறார்கள், ஆம்பிளைத்தனம் என்று நினைப்பு போலிருக்கிறது. ஒரு காடிக்கு ஒரு பேட் என்று கணக்குப் போடாதே, ஏழெட்டாவது வேண்டும், சூடானதை ஆறவிட்டு மாற்றி மாற்றிப் போட வேண்டும். தரையில் விழுந்த பேட்டைத் திரும்ப மாட்டுகிறவனை நான் கடைக்குள்ளேயே விடமாட்டேன். தேய்த்து முடித்ததும் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்து, எண்ணெய்ப் பசை போன பிறகு, வெயிலில் நிறுத்திப் பார். அந்தப் பசைதான் கீறலுக்குள் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். உன் அப்பா போய்ச் சேர்ந்து, தோட்டத்தை முதலாளிகள் வீடு கட்ட விற்று, நாம் இருந்த லயத்து வீடுகளை இடித்த வருஷம் ஜெலாப்பாங்கில் பழைய காடி விற்கிற ஒரு இடத்தில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். நீ அப்போது முதலாம் வகுப்பு. ஒரு வருஷத்தில் என் கைக்கு மெஷின் வந்தது. எங்கள் வேலை திருத்துவது இல்லை, மூடுவது. கீறலுக்குள் மெழுகுபோல் ஒன்றை நிரப்பிப் பளபளக்கவைப்போம். வாங்குகிறவன் இரண்டு முறை கழுவினால் எல்லாக் கீறலும் திரும்பி வரும். அதற்குள் காடி அவன் பெயருக்கு மாறியிருக்கும். தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளிக்கு அதில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. எனக்கும் இல்லை. வாங்குகிறவர்களை முட்டாள் என்று சொல்லிச் சிரிப்பேன். யாரைப் பார்த்தாலும் மட்டமாக நினைக்கிற புத்தி எனக்கு அங்கேதான் முற்றியது. அது உனக்கும் வந்திருக்கிறது, மூக்கு மாதிரி.

அங்கே என்னோடு மெஷின் பிடித்தவள் சரசு. பாகான் செராய்க்காரி, என் வயதுதான், பக்கத்துக் கம்பத்தில், கிராமத்து வீடு ஒன்றில், ஓர் அறையில் தங்கியிருந்தாள். அவள் மெதுவாக வேலை செய்வாள். ஒரு கதவுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு மடிப்புக்கும் டேப் ஒட்டுவாள், ஒவ்வொரு சுற்றுக்கும் பேட்டைப் பிரஷ்ஷால் தட்டுவாள், குனிந்து பக்கவாட்டில் பார்ப்பாள், திரும்பத் தேய்ப்பாள். நான் அவளுக்கு ஆமை என்று பேர் வைத்தேன். எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் வெளியிலிருந்து நல்ல காடி வந்தால் தவுக்கே அவளைத்தான் கூப்பிடுவார். அது எனக்கு எரியும். நான் மூன்று காடி முடிக்கிற நேரத்தில் ஒன்றைத் தடவிக்கொண்டிருக்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று.

ஒரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சே தனியாக இருக்கும். இறந்துபோன கணவரின் கறுப்புக் காடி. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அதில்தான் அழைத்துவர வேண்டும் என்று சரசுவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். சரசு காலையிலிருந்து அதோடுதான் இருந்தாள். பானட்டின் நடுவே வரப்பு மாதிரி ஒரு மடிப்பு ஓடும், அதற்கு டேப் ஒட்டிவைத்திருந்தாள். மத்தியானம் பசியாறப் போனாள். போகும்போது, வந்து டேப்பை எடுத்துவிட்டு அந்த வரப்பைக் கையாலேயே தேய்க்கப்போவதாகச் சொன்னாள். கையால். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் திரும்பி வருவதற்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று என் சுழல் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். மெஷினில் கம்பளி பேட் இருந்தது. மாற்றவில்லை. டேப்பைப் பிய்த்தேன். மூன்று முறை ஓட்டியிருப்பேன். மெஷினைத் தூக்கியபோது வரப்பின்மேல் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. படலமும் போய், கறுப்பும் போய், அடிப்பூச்சு.

நான் செய்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி. டேப்பை எடுத்து அதே இடத்தில் திரும்ப ஒட்டினேன். நேராக ஒட்டினேன், நகத்தால் ஓரம் அழுத்தினேன். மெஷினைக் கொண்டுபோய் என் இடத்தில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

சரசு வந்து டேப்பை எடுத்தபோது நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். தவுக்கே வந்து யார் செய்தது என்று மலாயில் கேட்டார். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. டேப் ஒட்டுவதற்கு முன்பு, காலையில் அந்த ஓரத்தில் ஒரு முறை மெஷின் ஓட்டினேன், அப்போதே மெலிந்திருக்கும், டேப்போடு சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள். டேப்போடு அப்படி வராது, தம்பி. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வேறு ஒருத்தி டேப்பைப் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைவிடத் தன் கைதான் தப்பு என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆசிரியை வந்து பார்த்தார். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அந்த வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பானட்டுக்கு முழுதாகத் திரும்பப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள், நிறம் ஒரு சாயல் மாறிப்போனது, கல்யாணத்துக்கு அந்தக் காடி போனதா என்று எனக்குத் தெரியாது. சரசுவை மெஷினிலிருந்து எடுத்துக் கழுவுகிற இடத்தில் போட்டார்கள். தவுக்கே எடுத்தார் என்பதுகூடச் சரியில்லை. இரண்டு வாரம் கழித்து மெஷினைக் கொடுத்தபோது அவளே வேண்டாம் என்றாள். கை கனத்துப் போச்சு என்றாள். அந்த வருஷக் கடைசியில் ஊருக்கே போய்விட்டாள். நல்ல காடி எல்லாம் அப்புறம் என்னிடம்தான் வந்தது. நீ படித்தது அதில்தான்.

இதை உன்னிடம் நான் சொல்லாமலே செத்திருப்பேன். உன் தினேஷ் வந்து கெடுத்தான். யார் தினேஷ் என்று கேட்காதே. பெரிய ஆஸ்பத்திரியில் உதவியாளன், உன் முதல் வாடிக்கைக்காரன், இரவல் மெஷினால் நீ தேய்த்து, நிழலில் நிறுத்தி வீடியோ எடுத்துப் போட்டாயே, அந்தக் கறுப்புக் காடிக்காரன். நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். எத்தனையோ பேர் பாராட்டியிருந்தார்கள். நிழலில் எடுத்ததைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் பாசாரில் அவனே என்னைக் கண்டு வணக்கம் சொன்னான். காடி வெயிலில் நின்றது. பானட் முழுக்க மெஷின் போன தடம், நடந்தால் கூடவே நகர்கிற மாதிரி வெள்ளை வெள்ளையாய் நெளிந்தது. பழைய கீறலும் அத்தனையும் திரும்பி வந்திருந்தது. சுழல் மெஷின், முரட்டு பேட், மேலே நிரப்புகிற மெழுகு. ஜெலாப்பாங்கில் நான் செய்த கைவேலை மாதிரியே இருந்தது.

அவனாகவே சொன்னான். "என் தப்புதான் ஆண்ட்டி. ஏழு நாள் தண்ணி படக்கூடாதுன்னு அண்ணே சொன்னாரு. நான் அஞ்சாவது நாளே கழுவிட்டேன் லா. எனக்கு கறுப்பு காடி வெச்சிக்கத் தெரியல, வித்துடலாம்னு இருக்கேன்."

ஏழு நாள். நீ அப்படிச் சொல்லியிருக்கிறாய். எழுபது நாள் கழித்துக் கழுவினாலும் அந்த மெழுகு போகத்தான் செய்யும். அவன் கேட்டு வந்தபோது, நீங்கள் கழுவியதில்தான் கெட்டுப்போனது என்றும் சொல்லியிருக்கிறாய். வேலை தெரியாதது குற்றமில்லை, எவனுக்கும் முதல் காடி என்று ஒன்று இருக்கும். ஆனால் நீ கெடுத்ததற்கு அவன் தன் கையைச் சந்தேகப்படுகிறான். உன்மேல் அருவருப்பாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். அப்புறம் உனக்கு அந்தப் புத்தி எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் பாகான் செராய் போனேன். உன்னிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். சரசுவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, தையல் வேலை செய்கிறாள், பாசாரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வயல் ஓரமாக இரண்டு அறை வீடு. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. காப்பி போட எழுந்தவளை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பைத் திரும்ப ஒட்டியது வரைக்கும். தையல் மெஷின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னா பேட் போட்ட?"

"கம்பளி" என்றேன்.

"அந்த வரப்புல கம்பளியா?" என்றாள். அவள் முகத்தில் அன்று பார்த்த இளக்காரத்தை நான் வாழ்க்கை முழுக்க எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். என் பக்கம் யாரும் திருப்பிக் காட்டியதில்லை. "நான் இத்தன வருஷமா என் கைதான்னு நெனச்சிட்டேன்டி. மாவு பெசையறப்பகூட நெனப்பேன்." என் மன்னிப்பை வாங்கிக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுப்பில் வைத்த தண்ணீரை இறக்கிவைத்தாள். காப்பி போடவில்லை. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, போகலாம் என்று வாசலைக் காட்டினாள். நான் வெளியே வந்து செருப்பைப் போடும்போது உள்ளே பார்த்தேன். தன் வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்சில் நான் அழவில்லை. அழுகிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். பதினைந்து மில்லிமீட்டர் மெஷின் ஒன்று, சின்ன மெஷின் ஒன்று. பேட்டை ஒட்டுகிற தகடு, பேட்டைவிட ஒரு விரற்கடை சிறியதாக, ஓரம் காடியில் இடிக்காமல் இருக்க. மிருது பஞ்சு ஆறு, நடுத்தரம் ஆறு, முரடு இரண்டு போதும். படலத்தின் கனம் அளக்கிற கருவி ஒன்று, அதுதான் முதலில். நல்ல விளக்கு ஒன்று. டேப் நிறைய. நிரப்புகிற மெழுகு கடைக்குள் வரக்கூடாது, வந்தால் நான் வரமாட்டேன். அந்தப் பதினோரு படங்களை அழித்துவிடு.

தினேஷிடம் நான் பேசிவிட்டேன். அவன் கழுவியதில் ஒரு தப்பும் இல்லை, என் மகன் தெரியாமல் தேய்த்துவிட்டுப் பழியை உன்மேல் போட்டான் என்று அவன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். காடியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தான். அப்புறம், "அப்ப விக்கத் தேவையில்ல?" என்று கேட்டான். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், வரட்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காடியை உன் கடைக்குக் கொண்டுவருவான். நானும் அவனோடு வருகிறேன். அவன் இறங்கியதும் மெஷினை எடுக்க ஓடாதே, காடியை வெயிலில் நிறுத்தி, அவன் பக்கத்தில் நின்று, நீ போட்ட தடம் ஒவ்வொன்றையும் விரலால் காட்டி இது நான் செய்தது என்று சொல். முழு பானட்டும் சொல்லி முடிக்கிறவரை நான் உட்காரமாட்டேன்.

அம்மா